படகு வாங்கும் முன் நிறுத்தங்களை எண்ணிப் பாருங்கள்

ஹெந்தளையிலிருந்து நீர்கொழும்பு வரை, முடிந்தால் அதற்கும் அப்பால் சிலாபம், புத்தளம் வரை கால்வாய் வழியாகப் படகுப் பயணம் நடத்தலாமா என்று என்னிடம் ஆலோசனை கேட்கும் இளம் வியாபாரிகள் ஒருசிலர் இருக்கின்றனர். அவர்கள் முதலில் கேட்பது ஒரே கேள்விதான். "நானா, எந்தப் படகு வாங்கலாம்? பைபர் படகா, மரப் படகா? எஞ்சின் எத்தனை குதிரை வலு?" நான் திருப்பிக் கேட்பதும் ஒரே கேள்விதான். "தம்பி, எங்கெங்கே நிறுத்தப் போகிறீர்கள்?" இந்தக் கேள்விக்கு இதுவரை எவரும் காகிதத்தில் எழுதிய பதில் ஒன்றைக் கொண்டு வந்ததில்லை.

வீதியில் ஓடும் வான் எந்தக் கடை வாசலிலும் நிற்கும். படகு அப்படியல்ல. ஆழம் வேண்டும், கட்டுவதற்குக் கட்டை வேண்டும், வயதானவர் கால் வைத்து ஏறப் படி வேண்டும். இவை இல்லாத இடத்தில் ஆயிரம் கடைகள் இருந்தாலும் படகில் போகிறவர் அவற்றைப் பார்த்துக்கொண்டே போய்விடுவார். ஆகவே, கரையோர நீர்வழிப் பயணத்தில் படகு வெறும் வாகனம்தான், வியாபாரம் இருப்பது நிறுத்தத்தில்தான் என்பது எனது உறுதியான கருத்து. நிறுத்தங்களை முதலில் வகுக்காமல் படகுகளை மட்டும் இறக்கினால் வருமானம் புறப்படும் இடத்திலுள்ள ஓரிருவரின் கைக்கும், போய்ச் சேரும் இடத்திலுள்ள பெரிய ஹோட்டலின் கைக்கும் போய்விடும். இடையில் கால்வாய்க் கரையில் கடை வைத்திருக்கும் எம்மவர்களுக்குப் படகு கிளப்பிவிட்டுப் போகும் அலைதான் மிஞ்சும்.

ஒரே காலத்தில் வெட்டிய இரண்டு கால்வாய்கள்

எமது மேற்குக் கரையோரக் கால்வாய்கள் உல்லாசத்திற்காக வெட்டப்பட்டவை அல்ல. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் இந்தக் கடலில் சிறு வள்ளம் செலுத்துவது ஆபத்து. கடலுக்குச் சமாந்தரமாக உள்ளே ஒரு நீர்வழி இருந்தால் கடல் கொந்தளித்தாலும் சரக்கு ஓடும். ஒல்லாந்தர் கொழும்பையும் நீர்கொழும்பையும் புத்தளத்தையும் களப்புகள், ஆறுகள், வெட்டுக் கால்வாய்கள் வழியாக இணைத்தது இதற்காகத்தான். பின்னர் ஆங்கிலேயர் 1802 இல் ஆரம்பித்து 1804 இல் முடித்த ஹமில்டன் கால்வாய் 14.5 கிலோமீற்றர் நீளமானது. முத்துராஜவெல சேற்றுநிலத்தின் உப்புநீரை வடிப்பதும் அதன் நோக்கமாக இருந்தது. தேங்காயும் கொப்பராவும் உப்பும் தட்டையான அடியுள்ள வள்ளங்களில் இந்த வழிகளால் போய் வந்தன. ரயிலும் லொறியும் வந்த பிறகு அந்த வியாபாரம் முடிந்துபோனது.

ஹமில்டன் கால்வாய் முடிந்த அடுத்த ஆண்டு, அதாவது 1805 இல், அமெரிக்காவின் வேர்ஜீனியாவையும் வட கரோலினாவையும் இணைக்கும் டிஸ்மல் சுவாம்ப் கால்வாய் திறக்கப்பட்டது. 1793 இல் ஆரம்பித்த வேலை அது. பெரும்பாலும் அடிமைப்படுத்தப்பட்ட கறுப்பின மக்களின் கைகளால் வெட்டப்பட்டது. நீளம் சுமார் 35 கிலோமீற்றர். முத்துராஜவெல போலவே அதுவும் முற்றா நிலக்கரி படிந்த சதுப்பு நிலத்தின் ஊடாகப் போகிறது. தண்ணீர் சாயத் தேநீர் போல நிறமானது. அங்கும் மரமும் சரக்கும் ஏற்றிய காலம் முடிந்துவிட்டது. ஆனால் அந்தக் கால்வாய் இன்று உல்லாசப் படகுகளுக்குப் பயன்படுகிறது. காரணம், அது நோர்போக் துறைமுகத்திலிருந்து மியாமி வரை சுமார் 1,090 மைல் நீளும் கரையோர உள்நாட்டு நீர்வழியின் ஒரு கிளையாக இருப்பதுதான்.

குளிர்காலம் தொடங்கும் முன் வடக்கிலிருந்து சொந்தப் படகுகளில் புளோரிடாவை நோக்கிப் போகும் குடும்பங்கள் அந்த நீர்வழியில் நிறைய. வசந்த காலத்தில் அதே வழியால் திரும்புகின்றன. பாய்மரப் படகொன்று எஞ்சினில் மணிக்கு ஆறு, ஏழு மைல் போகும். பகலில் மட்டும் ஓடினால் ஒரு நாளைக்கு ஐம்பது மைல். அப்படியானால் மியாமி போய்ச் சேர இருபதுக்கும் அதிகமான இரவுகள் எங்காவது தங்க வேண்டும். அதனால் அவர்கள் பயணத்தைத் திட்டமிடுவது என்றால் நிறுத்தங்களைத் திட்டமிடுவதுதான். எந்த மைலில் நங்கூரம் போடலாம், எந்த நிலையான பாலத்தின் கீழ் எத்தனை அடி உயரமான பாய்மரம் போகும், தூக்குப் பாலம் எந்த நேரத்தில் திறக்கும், டீசலும் குடிநீரும் எங்கே, நடந்து போகும் தூரத்தில் பலசரக்குக் கடை உண்டா என்றெல்லாம் மைல் கணக்கில் எழுதப்பட்ட வழிகாட்டி நூல்கள் அங்கே விற்பனையாகின்றன. டிஸ்மல் சுவாம்ப் கால்வாயில் நீர் மட்டத்தை உயர்த்தி இறக்கும் மடைக்கதவுகள் குறித்த நேரங்களில் மட்டுமே திறக்கும். நேரம் தவறியவர் காத்திருக்கத்தான் வேண்டும்.

ரோஜாப் பூவின் வியாபாரம்

அந்தக் கால்வாயின் தென்புறத்தில் எலிசபெத் சிட்டி என்று ஒரு சிறு நகரம் இருக்கிறது. 1983 இல் அந்நகரத்தவர் இருவர், பிரெட் பியரிங், ஜோ கிரேமர் என்போர், நகரத் துறையில் வந்து கட்டியிருந்த படகுக்காரர்களுக்கு ஒரு சிறு விருந்துபசாரம் செய்தனர். பியரிங் ஓய்வு பெற்ற தபாற்காரர். கிரேமர் தனது தோட்டத்து ரோஜாவை வெட்டிக் கொண்டுவந்து படகில் வந்த பெண்களுக்குக் கொடுத்தார். அது பழக்கமாகியது. நகரம் 48 மணி நேரம் வரை கட்டணமின்றிப் படகு கட்ட இடம் கொடுத்தது. படகுக்காரர்கள் மத்தியில் அந்த ஊரின் பெயர் வாய்வழியாகப் பரவியது.

வியாபாரிகளான நாம் இதைக் கவனிக்க வேண்டும். துறையில் காசு வாங்காமல் கடையில் காசு வாங்கும் முறை இது. படகைக் கட்டியவர் இரண்டு நாட்களில் என்ன செய்வார்? உடுப்புத் துவைக்க வேண்டும். சமையல் சாமான் வாங்க வேண்டும். ஒரு வேளையாவது உட்கார்ந்து சாப்பிட வேண்டும். எஞ்சினுக்கு ஒரு பெல்ட் தேவைப்படலாம். இவை எல்லாவற்றுக்கும் அவர் ஊருக்குள் நடந்துதான் வர வேண்டும். எமது ஊர்களிலோ ஏதாவது ஒரு துறை கட்டியவுடன் முதலில் செய்வது டிக்கட் கூண்டு ஒன்றை வைப்பதுதான். வாசலில் காசு கேட்கும் கடைக்கு யாராவது வருவார்களா?

இன்னொரு பாடமும் அங்கே உண்டு. 2016 ஒக்டோபரில் மத்தியூ சூறாவளியின் பின் டிஸ்மல் சுவாம்ப் கால்வாய் மூடப்பட்டு, 2017 நவம்பரில்தான் மீண்டும் திறக்கப்பட்டது. அவ்வளவு காலமும் படகுகள் 1859 இல் திறக்கப்பட்ட மற்றொரு கால்வாயால் போயின. பயணிக்கு மாற்று வழி இருந்தது. ஆகவே ஒரு நிறுத்தத்தை மட்டும் நம்பி எவரும் முழு முதலையும் போடக்கூடாது. ஒவ்வொரு நிறுத்தத்திற்கும் அருகில் இன்னொன்று பெயரளவிலாவது இருக்க வேண்டும்.

பக்கத்து நாடான இந்தியாவில் கேரளத்தைப் பாருங்கள். கொல்லத்திலிருந்து கோட்டப்புறம் வரை 205 கிலோமீற்றர் நீர்வழி 1993 இல் தேசிய நீர்வழியாகப் பிரகடனப்படுத்தப்பட்டது. ஒருகாலத்தில் நெல் ஏற்றிய கெட்டுவள்ளங்கள் ஆலப்புழையில் மிதக்கும் விடுதிகளாக மாறின. அங்கே மாலை ஐந்தரை மணியளவில் படகு வீடுகள் ஓட்டத்தை நிறுத்திக் கரையில் கட்டிவிட வேண்டும். அதன் பிறகு தண்ணீர் மீனவரின் வலைக்கு உரியது. இது நல்ல ஏற்பாடு. ஆனால் படகுகள் அளவுக்கு மீறிப் பெருகி வேம்பநாட்டுக் காயலில் கழிவு சேர்ந்தது அங்குள்ளவர்களின் பெரும் முறைப்பாடாக இருந்து வருகிறது. கழிவை எங்கே இறக்குவது என்பதும் ஒரு நிறுத்தம்தான். அதை மறந்த இடத்தில் தண்ணீர் கெடும், தண்ணீர் கெட்ட இடத்திற்குப் பயணி இரண்டாம் முறை வரமாட்டார்.

எமது வழியில் எங்கே நிறுத்துவது?

இனி எமது கால்வாய்க்கு வருவோம். கொழும்பிலிருந்து புத்தளம் வரை வீதித் தூரம் சுமார் 130 கிலோமீற்றர். இதை ஒரே நீர்ப் பயணமாக நினைப்பது இன்றைய நிலையில் வீண் ஆசை. நீர்கொழும்புக்கு வடக்கே பல இடங்களில் பழைய கால்வாய் தூர்ந்தும் ஒடுங்கியும் கிடக்கிறது. எனவே மூன்று துண்டுகளாகப் பிரித்து, இடையில் வானில் ஏற்றிச் செல்வதே நடைமுறைக்குச் சாத்தியமானது.

முதலாவது துண்டு ஹெந்தளையிலிருந்து நீர்கொழும்பு வரை. கரை அரிக்காத மெதுவான வேகத்தில், மணிக்கு எட்டுக் கிலோமீற்றர் போனால் கால்வாய்ப் பகுதி மட்டும் இரண்டு மணித்தியாலத்திற்குச் சற்றுக் குறைவாக எடுக்கும். காலை ஆறரைக்குப் புறப்பட வேண்டும். ஹெந்தளையில் வேண்டியது வாகனம் நிறுத்த இடமும் மலசலகூடமும். காலைச் சாப்பாட்டை வத்தளை, மாபோலைக் கடைகள் கொடுக்கலாம்.

அடுத்த நிறுத்தம் பமுணுகம, போபிட்டியப் பகுதி. முத்துராஜவெலவின் வடபகுதி 1996 இல் சரணாலயமாகப் பிரகடனப்படுத்தப்பட்டது. அங்கே பறவை பார்க்கும் படகுச் சவாரி முன்பிருந்தே நடைபெற்று வந்துள்ளது. அதனுடன் போட்டி போடாமல் அதையே ஒரு நிறுத்தமாக்கிக்கொள்வதுதான் புத்தி. சரணாலயத்திற்குள் கடை போட முடியாது, போடவும் கூடாது. ஆனால் வெளியே பமுணுகம வீதியோரத்தில் இளநீரும் தேநீரும் விற்பதை யாரும் தடுக்கப்போவதில்லை.

பிறகு நீர்கொழும்புக் களப்பு. இது ஆழம் குறைந்த களப்பு. மீனவர்களின் கட்டுவலைகளும், மீன் சேர்வதற்காக அவர்கள் நட்ட கிளைக் குவியல்களும் அங்கே உள்ளன. பகல் ஏற ஏறக் காற்று வலுக்கும். ஆகவே பத்து மணிக்குள் களப்பைக் கடக்க வேண்டும், அதுவும் உள்ளூர் மீனவர் ஒருவர் சுக்கானில் இருக்க வேண்டும். கூலிக்கு ஆள் என்று நினைக்காமல் பங்காளி என்று நினைத்து அவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்தத் தண்ணீரில் வழி அவருக்குத்தான் தெரியும்.

நீர்கொழும்பில் நீண்ட நிறுத்தம். 1678 என்ற ஆண்டு பொறித்த ஒல்லாந்தர் கோட்டை வாசல், மீன் சந்தை, கருவாடு காயும் கடற்கரை எல்லாம் பக்கத்தில் பக்கத்தில். பகற் சாப்பாட்டு வேளையும் அதுதான். எமது குடும்பங்கள் பயணம் போனால் சாப்பாட்டோடு வுழூச் செய்யத் தண்ணீரும் லுஹர் தொழ இடமும் தேடுவார்கள். பெரியமுல்லைக்கு ஒட்டோவில் சில நிமிடம். மலேசியாவிலிருந்தும் மத்திய கிழக்கிலிருந்தும் வரும் பயணிகள் தேடுவதும் இதைத்தான். வட்டிலப்பமும் நல்ல சோறும் ஆயத்தமாக இருந்தால் விளம்பரம் தேவையில்லை.

இரண்டாவது துண்டு கொச்சிக்கடையிலிருந்து வைக்கால வரை. இங்கே மாஓயாவும் ஜின் ஓயாவும் பழைய கால்வாயும் இருக்கின்றன. வைக்கால ஓட்டுக்குப் பெயர் போன ஊர். களிமண் வேலைத்தலத்தை அரைமணி நேரம் காட்டுவது எந்த ஹோட்டலாலும் தரமுடியாத காட்சி. கையில் தூக்கிப் போகக்கூடிய சிறிய மண் சாமான் செய்து வைத்தால் அதுவும் விற்பனையாகும்.

மூன்றாவது துண்டு புத்தளம் களப்பு. நீர்கொழும்பிலிருந்து வானில் புத்தளம் வந்து, அங்கிருந்து கற்பிட்டியை நோக்கிப் படகில் போகலாம். கற்பிட்டியில் 1667 இல் ஒல்லாந்தர் கட்டத் தொடங்கிய கோட்டை இருக்கிறது. நவம்பர் முதல் ஏப்ரல் வரை டொல்பின் பார்க்க வருபவர்கள், அதற்குப் பிறகு காற்று மாதங்களில் பட்டம் கட்டி நீரில் சறுக்கி விளையாட வருபவர்கள் என்று அந்த ஊருக்கு இரண்டு பருவம் உண்டு. இந்த வசதி மற்ற நிறுத்தங்களுக்கு இல்லை. கருவாடு, உப்பு, தென்னம் பொருட்கள் விற்கும் எமது வர்த்தகர்கள் இதைக் கணக்கில் எடுக்க வேண்டும். வாடை வராமல் காற்றுப் புகாது அடைத்த கருவாட்டுப் பொதியைப் பயணி வாங்குவார். பத்திரிகைக் கடதாசியில் சுற்றிக் கொடுத்தால் வாங்கமாட்டார்.

ஒரு கணக்கு

ஒரு பேச்சுக்கு, இருபது பேர் ஏறும் படகு என்று வைத்துக்கொள்வோம். ஒரு நிறுத்தத்தில் ஆளுக்கு ஆயிரம் ரூபா செலவழித்தால் இருபதாயிரம். நாளொன்றுக்கு மூன்று படகு என்றால் அறுபதாயிரம். மாதத்தில் இருபது நாள் ஓடினால் பன்னிரண்டு இலட்சம். இது ஒரு சிறிய துறையைச் சுற்றியுள்ள ஏழெட்டுக் கடைகளுக்கும் ஒட்டோக்காரர்களுக்கும் பிரிந்து போகும் பணம். அதே படகில் சோற்றுப் பார்சலையும் தண்ணீர்ப் போத்தலையும் கொழும்பிலேயே ஏற்றிவிட்டு நிறுத்தாமல் போனால் அந்தக் கடைகளுக்கு வருவது பூச்சியம். இலக்கங்களை உங்கள் ஊருக்கு ஏற்ப மாற்றிப் போட்டுப் பாருங்கள். விடை மாறும், பாடம் மாறாது.

இதற்கு வேண்டிய முதல் பெரியதல்ல. எமது நாட்டில் வற்றுப்பெருக்கு ஒரு மீற்றருக்கும் குறைவு. அமெரிக்காவின் ஜோர்ஜியாக் கரையில் இரண்டு மீற்றருக்கும் மேல் ஏறி இறங்குவதால் அங்கே மிதக்கும் துறைகள் தேவை. எமக்கு உறுதியான படி, இரண்டு கட்டை, நிழலுக்குக் கூரை, சுத்தமான மலசலகூடம், குடிநீர், குப்பைத் தொட்டி, தொலைபேசி இலக்கங்கள் எழுதிய பலகை என்பன போதும். இவற்றில் மலசலகூடம்தான் முதலாவது என்பேன். பெண்களோடும் பிள்ளைகளோடும் வருகிறவர் அதைப் பார்த்துத்தான் அடுத்த முறை வருவதா இல்லையா என்று தீர்மானிப்பார்.

நிறுத்தம் உயிர் காக்கும் இடமும்தான். 2021 நவம்பரில் கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் பாதை கவிழ்ந்து பாடசாலைப் பிள்ளைகள் உட்படப் பலர் உயிரிழந்ததை நாம் மறக்க முடியாது. அங்கே பாலம் இல்லாத மக்கள் வேறு வழியின்றி ஏறினார்கள். உல்லாசத்திற்காக ஏறுகிறவரின் உயிருக்கு நாம் இன்னும் அதிகமாகப் பொறுப்புச் சொல்ல வேண்டும். எல்லோருக்கும் உயிர்காப்பு அங்கி, அளவுக்கு மேல் ஏற்றாமை, எந்த இடத்தில் கரையேறினால் அம்புலன்ஸ் வரும் என்ற குறிப்பு, இவை மூன்றும் இல்லாவிட்டால் படகை அவிழ்க்கவே கூடாது. 2025 நவம்பரில் டித்வா புயலோடு வந்த வெள்ளம் களனி ஆற்றுக் கரையை என்ன செய்தது என்பதையும் பார்த்தோம். மழைக் காலத்தில் பயணத்தை இரத்துச் செய்து காசைத் திருப்பிக் கொடுக்கும் ஒழுங்கை முதல் நாளிலேயே எழுதி வையுங்கள்.

தனியாகச் செய்யும் வேலையல்ல

"அரசாங்கம் கால்வாயைத் தோண்டட்டும், பிறகு பார்ப்போம்" என்று சிலர் சொல்கிறார்கள். தோண்டித் தரும்படி கேட்பது எமது உரிமைதான். ஆனால் அரசாங்கம் தோண்டி முடிக்கும் நாளில் கரையோரக் காணியும் துறைக் குத்தகையும் பெரிய கம்பனிகளின் பெயரில் இருந்தால் பிறகு கூக்குரல் போட்டுப் பயனில்லை. இன்றே ஓடக்கூடிய முதலாவது துண்டில் இரண்டு மூன்று நிறுத்தங்களைச் சிறிய அளவில் ஆரம்பித்து, பிரதேச சபைக்கும் வனஜீவராசிகள், கரையோரம் பேணல், கடற்றொழில் திணைக்களங்களுக்கும் எழுத்தில் விண்ணப்பிப்பதே சரியான வழி.

அந்த விண்ணப்பத்தில் எமது கையொப்பம் மட்டும் இருந்தால் போதாது. களப்பு கத்தோலிக்க மீனவரின் வாழ்வாதாரம். கால்வாய்க் கரையில் சிங்களவரும் தமிழரும் இருக்கின்றனர். 2019 உயிர்த்த ஞாயிறு தாக்குதலுக்குப் பின்னர் நீர்கொழும்பிலும் சிலாபத்திலும் கடைக்கும் வாடிக்கையாளருக்கும் இடையில் விழுந்த இடைவெளியை எந்தக் கூட்டமும் அறிக்கையும் முழுமையாக அடைக்கவில்லை. சேர்ந்து வியாபாரம் செய்யும்போது அது தானாகக் குறையும் என்பது கடை நடத்தும் எவருக்கும் தெரியும். மீனவர் சங்கம் படகைச் செலுத்தட்டும், நாம் சாப்பாடு கொடுப்போம், பக்கத்து வீட்டுப் பெண் தும்புப் பொருள் விற்கட்டும். வலை போடும் நேரத்தில் படகு ஓடாது என்ற ஒப்பந்தத்தை முதலில் செய்துகொள்வோம்.

ஆகவே, இந்தத் தொழிலில் இறங்க நினைக்கும் தம்பிமாரே, படகுக்கு முற்பணம் கட்டுவதற்கு முன் ஒரு கொப்பியும் அளவுநாடாவும் எடுத்துக்கொண்டு மோட்டார் சைக்கிளில் கால்வாய்க் கரை நெடுகப் போங்கள். ஒவ்வொரு பாலத்தின் உயரத்தையும் தண்ணீரிலிருந்து அளந்து எழுதுங்கள். ஆகாயத்தாமரை அடைத்த இடம், ஆழம் குறைந்த இடம், படி கட்டக்கூடிய இடம், அதற்குப் பக்கத்திலுள்ள கடை, மலசலகூடம், பள்ளிவாசல், வைத்தியசாலை எல்லாவற்றையும் கிலோமீற்றர் கணக்கில் குறியுங்கள். அந்தக் கொப்பி நிரம்பிய பிறகு எந்தப் படகு வாங்குவது என்ற கேள்விக்கு நீங்களே பதில் சொல்வீர்கள். பாலத்தின் உயரமும் தண்ணீரின் ஆழமும் அதை உங்களுக்குச் சொல்லிவிடும்.